இன்னைக்கு ஸ்ட்ரோக் சரியில்ல

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. வாய் திறந்து அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. தெருவுக்கெல்லாம் அவர் 'டூ ஸ்ட்ரோக்'. ரயில் பாலத்துக்குக் கீழே ஷட்டர் வைத்த ஒற்றை அறையில் இருபத்தாறு வருஷமாக பைக் ரிப்பேர் கடை நடத்தினார். அதிலும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். புது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைத் தள்ளிக்கொண்டு யாராவது வந்தால், "இது படிச்ச வண்டிங்க, படிச்ச மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க" என்று கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

இன்ஜினுக்குள் பிஸ்டன் ஒருமுறை மேலே ஏறினால் அது ஒரு ஸ்ட்ரோக், இறங்கினால் இன்னொன்று. அந்த ஏற்ற இறக்கத்தில் மயிரிழை பிசகு இருந்தாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், "பிஸ்டன் ரிங் போச்சு" என்பார். போயிருக்கும். அந்தக் காதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அவருடைய மனைவிக்கும் அதே வார்த்தைதான் பிழைப்பு. அவள் பொது நீச்சல் குளத்தில் கோச். பிள்ளைகளுக்கு 'மிஸ்'. கையை எப்படி வீசி, எந்தக் கோணத்தில் தண்ணீருக்குள் இறக்கி, எப்படிப் பிடித்து இழுப்பது என்று சொல்லிக் கொடுப்பாள். அந்த ஒரு வீச்சுக்குப் பெயரும் ஸ்ட்ரோக்தான். மகளோ ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டி ஏற்றுகிறவள். மணிக்கு எத்தனை எழுத்து தட்டினாள் என்று அங்கே கணக்கு வைத்திருந்தார்கள். அதையும் ஸ்ட்ரோக் என்றே சொன்னார்கள். கடைக்கு எதிர்ச்சாரியில் போர்டு எழுதும் நண்பர் ஒருவர் இருந்தார், தெருவில் அவருக்கு 'பிரஷ்' என்று பெயர். ஒரு எழுத்தை வைத்த கை எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டால், "பாத்தியா ஸ்ட்ரோக்க!" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார்.

ஆகவே சாப்பாட்டு மேஜையில் அந்த வார்த்தை உப்பு டப்பா மாதிரி கைமாறிக்கொண்டே இருக்கும்.

"இன்னைக்கு அந்த ரெட்டை ஜடைக்காரிக்கு ஸ்ட்ரோக் சுத்தமா விட்டுப்போச்சு. நாளைக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்பாள் மனைவி.

"எனக்கு மணிக்கு ஒன்பதாயிரம் ஸ்ட்ரோக்மா" என்பாள் மகள்.

"என்னோடது ரெண்டே ரெண்டுதான், ஆனா வண்டி ஓடுது பாரு" என்பார் அவர்.

மூன்று பேரும் சிரிப்பார்கள். ஐந்தாவது பொருள் ஒன்று அந்த வார்த்தைக்கு உண்டு என்பதை அவர் எங்கேயாவது காதில் வாங்கியிருக்கலாம். டிவியில் யாரோ பெரிய மனிதருக்கு வந்ததாகச் சொல்லும்போது தாண்டிப் போயிருக்கும். அவர் புழங்கிய இடத்தில் அந்த நோயைச் சொல்ல வேறு வார்த்தைகள் இருந்தன. 'பக்கவாதம்' என்பார்கள், 'கை கால் விழுந்துபோச்சு' என்பார்கள். அதெல்லாம் தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு வருவது. அவர் மனைவிக்கு நாற்பத்தேழு. தினமும் இருபது ரவுண்டு நீந்துகிறவள்.

அது ஒரு வியாழக்கிழமை. காலை வகுப்புப் பிள்ளைகள் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். பிறகு குளத்தைச் சுத்தம் செய்ய மூடுவார்கள். அந்த வேலை முடிந்து, மதியம் மறுபடி திறக்கும்வரை தண்ணீர் சும்மா கிடக்கும். ஒன்பதரை மணிவாக்கில் அவள் தனியாக இறங்கித் தன் இருபது ரவுண்டை முடிப்பாள். முடித்ததும் துண்டைப் போர்த்திக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்வாள். பேச்சில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. சாப்பிட்டீங்களா, கேஸ் சொன்னீங்களா, மகள் குடை எடுத்துட்டுப் போனாளா, இவ்வளவுதான்.

அன்று போன் அடித்தபோது அவர் ஓர் இன்ஜினின் தலையைக் கழற்றி வைத்திருந்தார். இரண்டு கையிலும் கிரீஸ். முழங்கையால் ஒரு தட்டுத் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். எதிரே ஸ்டூலில் பிரஷ் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க... இன்னைக்கு எனக்கு ஸ்ட்ரோக்கே சரியில்லங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"பத்து ரவுண்டு நல்லாத்தான் போட்டேன். இப்ப பதினொண்ணாவதுல... வலது கை வரவே மாட்டேங்குது. தண்ணிய பிடிக்கவே முடியல."

வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல் இருந்தது குரல். பிஸ்கட் தின்கிறாள் என்று நினைத்தார்.

"வயசாச்சுல்ல? கடைக்குக் கொண்டு வா. ரிங் மாத்தி, ஓவர்ஹால் பண்ணி அனுப்பிடுறேன்."

பிரஷ் டீ புரையேறச் சிரித்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஏதோ சொன்னாள். அது 'சரி' என்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. போன் நின்றுவிட்டது. அவர் ஸ்பானரைக் கையில் எடுத்தார். தெருமுனையில் திரும்பும் வண்டியின் நோயைச் சொல்லும் காது அது.

பதினொன்றரைக்கு மறுபடி போன். குளத்தின் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் பெண்.

"அண்ணே, நீங்க கிளம்பி பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. மிஸ் டிரஸ் மாத்துற ரூம்ல கீழ கிடந்தாங்க."

"வழுக்கிட்டாளா? தலையில அடியா?"

"அடி ஒண்ணும் இல்லண்ணே. முழிச்சுட்டுத்தான் இருக்காங்க. ஆனா முகம் ஒரு மாதிரி இருக்கு. பேசுறாங்க, என்ன பேசுறாங்கன்னே தெரியல. ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, நானும் கூடப் போறேன்."

அவருக்குக் கை கால் ஓடவில்லை. கடை நிறைய வண்டிகள் நின்றன, ஒன்றுகூட ஓடுகிற நிலையில் இல்லை. பிரஷ்தான் தன் பழைய ஸ்கூட்டரை எடுத்து, கலங்கிப்போய் நின்றவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். கையிலிருந்த கிரீஸைத் துடைக்கவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. வழியில் ஒரே ஒரு முறை, "பிஸ்கட்தானேய்யா தின்னுட்டு இருந்தா?" என்று கேட்டார். பிரஷ் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

அவசரப் பிரிவில் பச்சைத் திரைக்குப் பின்னால் அவள் படுத்திருந்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. அவரைப் பார்த்ததும் சிரித்தாள். முகத்தின் இடது பாதி மட்டும் சிரித்தது. வலது பாதிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. வாயின் வலது ஓரம் ஆணி கழன்ற திரை போலத் தொங்கியது.

"சாவி" என்றாள்.

"எந்தச் சாவிம்மா? வீட்டுச் சாவியா?"

"சாவி. சாவி!" என்று உதட்டை நக்கிக் காட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியபோது, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடவேண்டி வந்தது அதுவே முதல் தடவை.

நர்ஸ் இப்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். அதற்குள் மகளும் அலுவலகத்திலிருந்து ஓடி வந்துவிட்டாள். டாக்டர் இளவயதுப் பெண். மனைவியை இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை தூக்கியது. வலது கை கட்டிலிலேயே கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. டாக்டர் அவர்களைத் திரைக்கு வெளியே அழைத்து வந்தார்.

"ஸ்ட்ரோக்."

"ஆமா டாக்டர்" என்றார் அவர் சட்டென்று. "நீச்சல் கோச்தான். இன்னைக்கு ஸ்ட்ரோக் சரியா..."

வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"அந்த ஸ்ட்ரோக் இல்லங்க" என்றார் டாக்டர் பொறுமையாக. "மூளைக்குப் போற ரத்தக் குழாய் ஒண்ணு அடைச்சிருக்கணும். அந்தப் பக்கத்து மூளைக்கு ரத்தம் போகல. அதான் வலது கை, கால், முகம், பேச்சு எல்லாம் போயிருக்கு. நீங்க சொல்றீங்களே பக்கவாதம்னு, அது."

அவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் அவள் சரியான வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறாள். உலகத்திலுள்ள எந்த டாக்டரும் அதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. அவளுக்கும் தெரியாமல், அவருக்கும் தெரியாமல், ஸ்பீக்கரில் உரக்க, டீ குடிக்கிற ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் ரிங் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"எப்ப ஆரம்பிச்சது? அதுதான் முக்கியம்" என்றார் டாக்டர். "அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் கடந்து போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். கடைசியா இவங்கள நல்லபடியா பாத்தது யாரு?"

"நான்தான்" என்றாள் டிக்கெட் கவுன்ட்டர் பெண். "ஏழு மணிக்கு. பிள்ளைங்க கிளம்பினப்ப சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. அப்புறம் நான் முன்னாடி கவுன்ட்டருக்குப் போயிட்டேன். பதினொண்ணேகாலுக்கு டவல் எடுக்கப் போனப்பதான் பாத்தேன்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடித்து எட்டு நிமிஷம்.

"ஏழுன்னா அஞ்சு மணி நேரம் தாண்டிடுச்சு. நடுவுல யாருமே பாக்கலையா? யார்கிட்டயும் பேசலையா?"

இவர் தரையைப் பார்த்தார். சொல்லவேண்டும் என்று தெரிந்தது. சொன்னால் மகள் கேட்பாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருக்கிறாள், அவளும் கேட்பாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பிரஷ் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் அவர் மனதில் ஓடியது. அப்படி ஓடியது என்பதையே பின்னாளில் அவரால் மன்னிக்க முடியவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "அம்மா தினமும் பத்து மணிக்கு உங்களுக்குப் போன் பண்ணுவாங்களே. இன்னைக்குப் பண்ணலையா?"

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். கிரீஸ் கையில் அது இருமுறை வழுக்கியது. வந்த அழைப்புகளைத் திறந்து டாக்டரிடம் நீட்டினார். பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். முப்பத்தெட்டு வினாடி.

"என்ன சொன்னாங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

சொன்னார். பத்து ரவுண்டு நன்றாகப் போனது. பதினோராவதில் வலது கை வரவில்லை. தண்ணீரைப் பிடிக்க முடியவில்லை. குரல் குழறியது. டாக்டரின் முகம் மாறியது. போனைப் பிடுங்காத குறையாக வாங்கி மறுபடி பார்த்தார்.

"பத்து ரவுண்டு நல்லா நீந்தினாங்கன்னு அவங்களே சொன்னாங்களா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்."

"அப்ப பத்து மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்காங்க. ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு." அதற்குள் டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு நடந்துவிட்டார். "ஸ்கேன் ரூமுக்கு எடுங்க, சீக்கிரம்!"

கட்டில் சக்கரங்கள் தடதடவென்று உருண்டு போயின. அவர் பின்னாலேயே நாலு எட்டு ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. திரும்பியபோது மகள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா அப்படிச் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

மழுப்பியிருக்கலாம். அவர் மழுப்பவில்லை. ஓவர்ஹால் என்ற வார்த்தைவரை சொல்லி முடித்தார். மகள் அவரை அடித்திருந்தால்கூட அவருக்கு அத்தனை தாங்கமுடியாமல் போயிருக்காது. முகத்தில் கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். பிறகு வராந்தாவின் அடுத்த முனைக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. அடைப்புத்தான். ஊசி போடச் சம்மதம் என்று காகிதத்தில் கையெழுத்து கேட்டார்கள். கட்டாயம் பலிக்கும் என்றும் சொல்லவில்லை, பலிக்காது என்றும் சொல்லவில்லை. என்னென்ன ஆகலாம் என்று டாக்டர் விளக்கினார். உயிர் போகலாம் என்பதும் அதில் ஒன்று. கையெழுத்தின் மேலே பெருவிரல் அளவுக்கு கிரீஸ் கறை விழுந்தது. நர்ஸ் அந்தக் கறையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், காகிதத்தை வாங்கிக்கொண்டார். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஊசி ஏறியது.

பிரஷ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் சிரிச்சேன்ல" என்றார்.

"ஆமாய்யா."

"டீ மூக்குல ஏறுற மாதிரி சிரிச்சேன்."



மறுநாள் காலையில் அவள் வலது கால் விரல்களை அசைத்தாள். மூன்றாம் நாள் முழங்காலை மடக்கினாள். வாய் ஓரம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஒரு வாரத்தில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஊசி தாமதமாகியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்க மாட்டார்கள் என்றார் டாக்டர். "அந்தப் போன் வந்தது நல்லதாப் போச்சு. நேரம் தெரிஞ்சதாலதான் போட முடிஞ்சது" என்று அவர் தோளில் தட்டினார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் போனை நினைத்தால் நெஞ்சைப் பிசைந்ததோ, அந்தப் போன்தான் அவளைக் காப்பாற்றியது என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? நன்றாகப் பார்த்தால் காப்பாற்றியது அவள் சொன்ன பாதி. அவர் சொன்ன பாதிக்கு அதில் பங்கு இல்லை. அப்போதே கிளம்பியிருந்தால் பதினொன்றரை மணிக்கே ஊசி போட்டிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

கால் வந்தது, முகம் வந்தது. வலது கை அரைகுறையாக வந்தது. வார்த்தைகள்தான் தாறுமாறாகக் கலைந்து கிடந்தன. நினைவு பிசகவில்லை, யோசனை பிசகவில்லை. ஒன்றை நினைத்து வாய் திறந்தால் இன்னொன்று வந்தது. தண்ணீர் 'சாவி'. மகள் 'ஜன்னல்'. போர்வை 'செவ்வாய்க்கிழமை'. அவரை 'பஸ்' என்று கூப்பிட்டாள். முதல் தடவை கூப்பிட்டபோது அவர் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். அவள் ஆத்திரத்தில் தலையணையை எடுத்து வீசினாள். இடது கையால் வீசியதால் அது கதவில் போய் விழுந்தது.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்தார். படங்களைக் காட்டிக் கேட்பார். "திருத்தணும், ஆனா அவசரப்படுத்தக் கூடாது. அவங்க சொல்றத விடுங்க, சொல்ல வர்றத கேளுங்க" என்றார் அவரிடம். அந்த வாக்கியம் முள் மாதிரி தைத்தது. அவருக்கென்றே யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பிய மாதிரி இருந்தது.

மகள் பதினொரு நாள் அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மருந்து எங்கே, பால் வந்ததா, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் மாலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"அம்மா எனக்குப் போன் பண்ணியிருந்தாலும் நானும் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்பா. மணிக்கு எத்தனை ஸ்ட்ரோக்குன்னு கேட்டிருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்குக் கோபமா வருது."

அவர் பக்கத்தில் போய், கழுவிய தட்டுகளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கடையைத் திறந்தபோது இன்னொரு தொல்லை வந்தது. யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் கை வேலை நின்றுவிட்டது. ஒருநாள் ஒருவர் வந்து, "அண்ணே, ரெண்டு நாளா ஸ்ட்ரோக் சரியில்ல" என்றதும் கையிலிருந்த ஸ்பானர் காலில் விழுந்தது. "யாருக்கு?" என்று கத்திவிட்டார். வந்தவர் மிரண்டுபோய், "வண்டிக்குத்தாண்ணே" என்றார். இன்னொரு நாள் கடைக்கு வந்தபோது, ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுத்துகள் நின்றன. 'முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரி. மணி பார்த்து வைக்கவும்.' பிரஷிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவே எழுதியிருந்தார். "மெக்கானிக் கடையில இது எதுக்குய்யா?" என்று கேட்டவர்களுக்கு, "படிச்சாச்சுல்ல? அப்ப போங்க" என்று பதில் சொன்னார்.

மூன்றாம் மாதக் கடைசியில் அவர் மனைவியிடம் கேட்டேவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் வலது கையால் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், அதுவும் பயிற்சிதான்.

"அன்னைக்கு நீ போன்ல சொன்னதும் நான் ஒண்ணு சொன்னேனே. ஞாபகம் இருக்கா?"

அவள் புருவத்தைச் சுருக்கினாள். எந்தப் போன் என்பது போலக் கையை விரித்தாள். அவளுக்கு நினைவே இல்லை. பத்தாவது ரவுண்டில் சுவரைத் தொட்டது நினைவிருந்தது. பிறகு ஆம்புலன்ஸ் கூரை. நடுவில் ஒன்றும் இல்லை.

அவர் திகைத்துப்போனார். மூன்று மாதம் தினம் தினம் தன்னைத் தின்ற ஒரு விஷயம், அவளிடம் அப்படி ஒன்று நடந்ததற்கான சுவடே இல்லை. அப்படியே விட்டுவிடலாம். ஆஸ்பத்திரியில் ஒருமுறை அப்படி நினைத்தது போதும் என்று தோன்றியது. ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் உரித்த பட்டாணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் போட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு வலது கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துக் கேட்டாள்:

"ரிங்... மாத்தி... யாச்சா?"

மூன்று மாதத்தில் அவள் பிசகாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்தபோது அவள் பட்டாணியை மடியிலிருந்து தரையெல்லாம் கொட்டியிருந்தாள். இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள்.

எட்டாம் மாதம் குளத்து நிர்வாகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் நின்று சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அவருக்கு இஷ்டமே இல்லை. இன்னும் பத்து வார்த்தைக்கு நாலு வார்த்தை தவறுகிறது. பிள்ளைகள் சிரித்துவிட்டால்? சிரிக்கத்தானே செய்வார்கள், குழந்தைகள்தானே. அவள் கேட்கவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவரும் கூடவே போனார். கரையில் ஈரம் படாத இடமாகப் பார்த்து, கல் மேடையில் உட்கார்ந்துகொண்டார். எதற்கும் தயாராக இருந்தார். யாராவது ஒரு பிள்ளை சிரித்தால் எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவுகூட செய்திருந்தார்.

பதினான்கு பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தார்கள். அவள் விசில் ஊதினாள். வலது கையை மார்பளவுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் குரலாகக் கத்தினாள்:

"நாற்காலி!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தடதடவென்று பதினான்கு ஜோடிக் கால்கள் தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். பிள்ளைகள் உதைத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

"மெதுவா ஜன்னல்! மெதுவா!" என்றாள் கடைசி வரிசையைப் பார்த்து, கையைத் தாழ்த்திக் காட்டி.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி உடனே தலையைத் தாழ்த்தி, முதுகை நேராக்கினாள்.

பக்கத்தில் துண்டோடு நின்ற டிக்கெட் கவுன்ட்டர் பெண்ணிடம் அவர் கேட்டார், "இவங்களுக்கு எப்படிம்மா புரியுது?"

"தெரியலண்ணே" என்றாள் அவள். "மிஸ் கைய பாத்துக்கிட்டே கேக்குறாங்க."